பாடசாலையும் பிள்ளைகளின் உளநலமும்

பிள்ளையின் உடல் சுகவீனமுற்றால் பெற்றோர் உடனே மருத்துவரை நாடுகின்றனர். உள்ளம் நலிவுற்றாலோ, அது சோம்பல், பிடிவாதம், படிப்பில் அக்கறையின்மை என்ற பெயர்களைப் பெற்றுத் தண்டனைக்குரியதாகிவிடுகிறது. அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 2005ஆம் ஆண்டில் வெளியான விரிவான ஆய்வொன்று, மனிதரின் வாழ்நாளில் தோன்றும் உளநோய்களுள் ஏறத்தாழ அரைவாசி 14 வயதிற்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன எனக் கண்டறிந்தது. அப்பருவத்துப் பிள்ளையை நாள்தோறும் காணும் நிறுவனம் பாடசாலையே. எனவே உளநல மேம்பாட்டுக்குரிய களமாக அது கருதப்படுவது இயல்பானதாகும். எனினும், உளநலத்தை ஒரு பாடமாகக் கற்பித்துவிட்டால் போதுமா என்ற வினா எழுகிறது. துணைக்கண்டத்தில் நடந்த இரு முயற்சிகள் இதற்கு விடை காண உதவுகின்றன.

வீடு வரை சென்ற அறிவு

முதலாவது முயற்சி பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமப்புறத்தில் நடைபெற்றது. அங்குள்ள உயர்நிலைப் பாடசாலைகளில் நான்கு மாத கால உளநல விழிப்புணர்வுத் திட்டமொன்று செயற்படுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயின. 12 முதல் 16 வயது வரையான மாணவரிடம் மட்டுமன்றி, அவர்களின் பெற்றோர், வேறிடத்து நண்பர்கள், அயலவர் ஆகியோரிடமும் உளநோய் பற்றிய அறிவு அளவிடப்பட்டது. பாடசாலைக்கு வராத இவர்களிடமும் தெளிவு கூடியிருந்தமை கண்டறியப்பட்டது. வகுப்பில் கேட்டதைப் பிள்ளைகள் வீட்டுக்கும் தெருவுக்கும் எடுத்துச் சென்றிருந்தனர். உளநோயை வெட்கத்துக்குரியதாகக் கருதி மறைக்கும் சமூகங்களுக்கு இது நல்ல செய்தியாகும். ஆனால் நோயைப் பற்றி அறிந்திருப்பதும் துயரிலிருந்து மீள்வதும் ஒன்றல்ல.

சூழலே மருந்தாதல்

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது பீஹாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த இரண்டாவது ஆய்வு. கோவாவைத் தளமாகக் கொண்ட 'சங்காத்' நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 74 அரசுப் பாடசாலைகளை மூன்று குழுக்களாக வகுத்தனர். மூன்றிலும் அரசின் வழமையான வாழ்க்கைத் திறன் பாடங்கள் நடைபெற்றன. ஒரு குழுவில் அவை மட்டுமே இருந்தன. ஏனைய இரண்டிலும் பாடசாலை முழுவதையும் தழுவிய திட்டமொன்று சேர்க்கப்பட்டது. காலைக் கூட்ட உரைகள், சுவர்ப் பத்திரிகை, மாணவர் தம் குறைகளை எழுதியிடும் பெட்டி, மாணவர் குழுக்கள், கொடுமைப்படுத்தலைத் தடுக்கும் பயிற்சிகள், தனிப்பட்ட உளவளத்துணை என்பன அதன் கூறுகள். ஒரு குழுவில் இப்பணியை ஆசிரியரே ஏற்றார். மற்றதில், மருத்துவப் பட்டம் ஏதுமற்ற, பயிற்சி பெற்ற ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் 'மித்ரா', அதாவது நண்பர், என்றே அழைக்கப்பட்டார்.

2018இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. மித்ரா பணியாற்றிய பாடசாலைகளில் ஆசிரியர்-மாணவர் உறவு, பாடசாலை தம்முடையது என்ற உணர்வு ஆகியவை பெரிதும் மேம்பட்டன. மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் வன்முறையும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியர் நடத்திய பாடசாலைகளிலோ, பாடங்கள் மட்டும் நடந்த பாடசாலைகளைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. 2020இல் வெளியான தொடராய்வு, மித்ராவின் பணியால் விளைந்த பயன் இரண்டாம் ஆண்டில் மேலும் பெருகியதைக் காட்டியது.

இதனை ஆசிரியர்களின் குறையாகக் கொள்ளலாகாது. பாடச்சுமையும் தேர்வுச்சுமையும் தாங்கும் ஒருவரிடம் மேலும் ஒரு சுமையை ஏற்றினால் அது சடங்காகவே முடியும். மேலும், மதிப்பெண் இடுபவரும் தண்டிக்க வல்லவருமான ஒருவரிடம் பிள்ளை தன் அச்சத்தைத் திறந்து கூறத் தயங்குவது இயற்கையே.

இப்னு கல்தூனின் எச்சரிக்கை

இவ்வுண்மை நமது அறிவு மரபுக்குப் புதிதன்று. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்காகும் என்பதை விளக்கத் தனி அத்தியாயமே அமைத்துள்ளார். அடக்குமுறையில் வளரும் பிள்ளை உற்சாகம் இழந்து, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் பாசாங்கையும் பழகிக்கொள்கிறது என்பது அவரது கருத்து. அச்சம் நிலவும் வகுப்பறையில் உளநலப் பாடம் நடத்துவதால் பயன் விளையாது என்று இன்றைய மொழியில் இதனைக் கூறலாம்.

நமது பொறுப்பு

பாடசாலைகளை நடத்தும் நிருவாகிகளுக்கும் பெற்றோருக்கும் இதில் படிப்பினை உண்டு. உளநலப் பாடநூலை வாங்கி விநியோகிப்பது எளிது. ஏளனமும் பிரம்பும் அற்ற சூழலை உருவாக்குவதும், பிள்ளை சொல்வதைச் செவிமடுப்பதையே பணியாகக் கொண்ட ஒருவரை நியமிப்பதும் கடினம். எனினும் பயன் விளைவது அங்கேதான். கடுமையான நோய்க்குறிகளை அவர் தாமே தீர்க்க முயலாது, உரிய மருத்துவரிடம் பிள்ளையை அனுப்பிவைக்க வேண்டும். நாளந்தாவின் எளிய அரசுப் பாடசாலைகளில் இயன்றது, அவற்றைவிட வசதி படைத்த பாடசாலைகளில் இயலாது எனக் கூறுவதற்கில்லை.