கொன்ற கையில் ராக்கி

2002, ரட்சா பந்தன் சமயம். இந்தூர் சிறையில் ஆயுள் தண்டனைக் கைதி சமந்தர் சிங்கைப் பார்க்க ஒரு கன்னியாஸ்திரி வந்தார். அவருடைய மணிக்கட்டில் ராக்கி கட்டினார். வந்தவர் செல்மி பால். சமந்தர் சிங் குத்திக் கொன்ற சிஸ்டர் ராணி மரியாவின் தங்கை.

கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில், வட்டிக்காரர்களிடம் சிக்கிய ஆதிவாசிகளுக்கு மீளும் வழி காட்டினார். அது சிலருக்கு உறுத்தியது. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போன பஸ்ஸில், பயணிகள் கண்ணெதிரிலேயே தாக்கப்பட்டார். உடலில் 50க்கும் மேற்பட்ட காயங்கள். வயது 41.

சிறைக்குப் போனதும் சமந்தர் சிங் திருந்திவிடவில்லை. தன்னைத் தூண்டிவிட்டவர்கள் மீது கொதிப்பு. வெளியே வந்ததும் பழிதீர்ப்பது என்று இருந்தார். சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட கத்தோலிக்கப் பாதிரியார் அவரைத் தொடர்ந்து சந்தித்துப் பேசினார். தங்கையின் வருகைக்கு வழி செய்தவரும் அவரே.

முதலில் மனத்துயர், அடுத்து பாவ அறிக்கை, அதன் பின் மன்னிப்பு என்பது கோயிலில் நாம் கேட்டுப் பழகிய வரிசை. இங்கே மன்னிப்பு முந்திக்கொண்டது. வருத்தம் அதன் பின்னால் மெதுவாக வந்தது. 'பச்சாத்தாபம்' என்ற வடசொல்லுக்குப் பின்னால் எழும் வெப்பம் என்று பொருள். தமிழ் வேதாகமத்தின் சொல் 'மனந்திரும்புதல்'. மொழிபெயர்ப்பு வேலையில் ஊறிய எனக்கு இரண்டாவதே பிடிக்கும். அதில் நடக்க வேண்டிய தூரமும் இருக்கிறது.

சமந்தர் சிங்குக்கு அந்தத் தூரம் எளிதாக இருந்திருக்காது. ராணி மரியாவின் குடும்பத்தாரே அவருடைய விடுதலைக்காக மனுச் செய்தார்கள். 2006இல் வெளியே வந்தார். தண்டனை முடிந்தது, கணக்கும் தீர்ந்தது என்று ஊரோடு இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ புல்லுவழி வீட்டு வாசலுக்கே போனார். அந்தத் தாய் எலிஸ்வா, மகளைக் கொன்ற அதே கைகளைப் பற்றி முத்தமிட்டவர். தாழ்மை என்றதும் தலைகுனிந்து நிற்பதைத்தான் நினைக்கிறோம். முத்தமிடப்படும் கையை இழுத்துக்கொள்ளாமல் நிற்பதற்கும் அது வேண்டியிருக்கிறது. தகுதியில்லை என்று தெரிந்தே ஒன்றைப் பெற்றுக்கொள்வது, மன்னிப்பதைவிடக் கடினமோ என்று தோன்றுகிறது.

இத்தாலிய இயக்குநர் கேத்தரின் மெக்கில்வ்ரே இதை ஆவணப்படமாக எடுத்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு 'அருளாளர்' பட்டம் வழங்கப்பட்டபோது சமந்தர் சிங்கும் வந்திருந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே உதய்நகர் கல்லறைக்கு அவர் போய்வந்துகொண்டிருந்தார், தன் வயலில் விளைந்ததை எடுத்துக்கொண்டு.