வங்காளத்தில் கடுகு ஏன் மூக்கில் ஏறுகிறது?

வங்காளத்தில் இலிஷ் மீனுக்குக் கடுகை அரைத்துப் பூசி ஆவியில் வேகவைப்பார்கள். முதல் கவளத்திலேயே நெடி மூக்கில் ஏறிக் கண் கலங்கும். நம் ரசத்தில் மிதக்கும் கடுகோ பரம சாது. ஏன்?

முழுக் கடுகில் காரம் கிடையாது. அதற்கான சரக்குதான் இருக்கிறது. சினிகிரின் என்ற பொருள் ஓர் அறையில், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையில். தண்ணீர் தெளித்து அரைத்தால் இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. எளிதில் ஆவியாகும் சரக்கு. மிளகாய்க் காரம் போல நாக்கோடு நிற்காது.

தாளிப்பில் கதை வேறு. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் கடுகுக்குள் உள்ள துளி ஈரம் நீராவியாகித் தோலைப் பிளக்கிறது. அதுதான் அந்தப் படபட. அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். பிறகு கடித்தாலும் வறுத்த வாசனைதான்.

கடுகு குளிர்காலப் பயிர். வங்காளத்தில் நன்றாக விளைவதால் சமையல் எண்ணெயும் அதுவே. நெடி அடங்க அதைப் புகைய விட்டுத்தான் சமைப்பார்கள். காரப்பொரி போன்றவற்றுக்குப் பச்சையாகவே ஊற்றிக்கொள்வார்கள்.

தெற்கே எல்லாமே சாது என்றும் சொல்லிவிட முடியாது. ஆந்திரத்து ஆவக்காயில் கடுகைப் பொடித்தே போடுகிறார்கள். தெலுங்கில் ‘ஆவ’ என்றாலே கடுகுதான்.