22 நாட்களின் பட்டியல்

2014 ஜனவரியில், உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றான பிம்கோவின் பிரதம நிறைவேற்று அதிகாரி முகமது அல்-எரியன் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. எகிப்தியப் பின்னணி கொண்ட பொருளியலாளர் அவர். நிறுவனத்தின் இணை நிறுவனர் பில் குரோஸுடன் ஏற்பட்ட முரண்பாடே காரணம் என்று ஊடகங்கள் எழுதின. சில மாதங்களின் பின்னர் அவரே இன்னொரு காரணத்தையும் சொன்னார்.

பல் துலக்கும்படி பலமுறை சொல்லியும் 10 வயது மகள் கேட்கவில்லை. அவர் கண்டித்தபோது, மகள் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினாள். தந்தை வராமல் போன 22 நிகழ்வுகள் அதில் இருந்தன: பாடசாலையின் முதல் நாள், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு, உதைபந்தாட்டப் போட்டி. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் நியாயமான காரணம் இருந்தது. பயணம், கூட்டம், அவசரத் தொலைபேசி அழைப்பு. நியாயமான காரணங்கள் 22 சேர்ந்ததுதான் அந்த இழப்பு.

ஹட்டனில் கடை நடத்தும் எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிகிறது. தோட்டத்தில் சம்பளம் போடும் நாளில் கடையை விட்டு நகர முடியாது. தீபாவளிக்கு முன்னும் நோன்புப் பெருநாளுக்கு முன்னும் அப்படியே. மற்ற நாட்களில் சரக்கு எடுக்கக் கொழும்புப் பயணம். எல்லாமே பிள்ளைகளுக்காகத்தான் என்கிறோம்.

அல்-எரியனைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட நம்மால் முடியாது. அவருக்குச் சேமிப்பும் பகுதிநேர வேலைகளும் இருந்தன. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குக் கடையை மூடுகிறோமே, அதனால் எந்த வியாபாரம் படுத்துவிட்டது? இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் அப்படி இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். தவணை தொடங்கும்போதே அந்தத் திகதிகளைக் கணக்குப் புத்தகத்தில் குறித்துவைத்தால் போதும்.

நமது கடைகளில் வேலை செய்பவர்களும் பெற்றோர்தான். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் தருகிறது. பிள்ளையின் பாடசாலைக்குப் போக லீவு கேட்கும் ஊழியரிடம் நாம் முகம் சுளித்தால், அவரது வீட்டுப் பட்டியலை நீளச் செய்வது நாம்தான்.