திரையில் சரி, தாளில் பிழையா?

கெடா என்றதும் நெல்வயலும் ரப்பர்த் தோட்டமும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. மின்னணுச் சில்லுகளைத் தாங்கும் அடிப்பலகைகளுக்கான தொழிற்சாலையை ஆஸ்திரியாவின் ஏடி அண்ட் எஸ் நிறுவனம் 2024-இல் அங்கே திறந்தது. அத்துறையை நாடும் நம் மாணவர்கள், இறுதியாண்டுத் திட்டத்திற்கு மின்சுற்றுப் பலகையைத் தாமே செய்யும்போது, முதலில் தடுமாறுவது அச்சுப்பொறியிடம்தான்.

முறை எளியது. வடிவமைப்பை லேசர் அச்சுப்பொறியில் பளபளப்பான தாளில் அச்சிட்டு, செம்புப் பலகைமேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். டோனர் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டால், டோனர் மூடாத செம்பு கரைந்துவிடும். இன்க்ஜெட் மை இப்படி உருகி ஒட்டாது.

இனி, வழக்கமான நான்கு சிக்கல்களைக் காண்போம்.

1. அளவு சுருங்குதல்: கோப்பு 'லெட்டர்' தாளுக்கு அமைந்திருக்கும், நாம் இடுவதோ ஏ4. 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் படம் சுமார் 97 விழுக்காடாகச் சுருங்கும். 40 கால் சில்லில் ஒரு வரிசையின் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 48.26 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தாளில் 47-ஐக்கூட எட்டாது. சிறிய சில்லு எப்படியோ நுழைந்துவிடும், இது நுழையாது. 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 விழுக்காடு என்பதையே தேர்ந்தெடுங்கள். நகல் கடையிலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

2. இடவலம் மாறுதல்: தாளைக் கவிழ்க்கும்போது படம் திரும்பிவிடும். ஆகவே செம்பு அடுக்கில் ஓர் எழுத்தை வைத்திடுங்கள். அது தாளில் தலைகீழ்க் கண்ணாடிப் பிம்பமாக அல்ல, இடவலம் மட்டும் மாறித் தெரிய வேண்டும். அப்போதுதான் செம்பில் நேராக விழும். மேல் அடுக்குக்கு 'மிரர்' தேவை. கீழ் அடுக்கை மென்பொருள் மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டுவதால், அதற்குப் பெரும்பாலும் தேவையில்லை.

3. கறுப்பு வெளிறுதல்: டோனர் சிக்கன முறையை நிறுத்துங்கள். வெளிறிய கோட்டின் வழியே கரைசல் புகுந்து தடத்தை அறுத்துவிடும்.

4. வேண்டாத அடுக்குகள்: பாகங்களின் பெயரும் உருவக்கோடும் சேர்ந்து அச்சானால் அவையும் செம்பாகவே நின்று தடங்களை இணைத்துவிடும். செம்புத் தடம், கால்திட்டு, துளை ஆகியவை மட்டும் போதும்.

இவை நான்கையும் சாதாரணத் தாளிலேயே சோதிக்கலாம். அடிக்கோலால் அளந்து, சில்லைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். தாள் கெட்டால் சில காசுதான்; பலகை கெட்டால் பல வெள்ளியும், படைப்புக்கு முந்தைய இரவும் போய்விடும்.