ஐம்பத்தெட்டு வயதில் பதினொரு படுக்கை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குத் தேனிப் பக்கத்து ஆட்கள் எங்கிருந்தாலும் ஊர் வந்து சேர்வார்கள். பெங்களூரில் மேனேஜர், சென்னையில் டாக்டர், சிங்கப்பூரில் இன்ஜினீயர் என்று நல்ல நிலையில் இருப்பவர்கள். ராட்டினச் சத்தத்துக்கு நடுவே அவர்களில் சிலர் மெல்லப் பேச்சை எடுப்பார்கள்: "இந்த வேலைய விட்டுட்டு வேற ஏதாவது பண்ணலாமான்னு இருக்கு மாமா."

"கை நிறையச் சம்பளம் வாங்கிக்கிட்டு ஒனக்கென்ன கிறுக்கா மாப்ள?" என்பார் மாமா. இல்லையென்றால், "பேசாம வந்துரு, தோட்டம் சும்மாதான கெடக்கு" என்பார். இரண்டிலும் பாசம் இருக்கிறது, யோசிக்க இடம் இல்லை. தொழிலில் நொடித்தவனுக்கு ஊரே வழி சொல்லும். நன்றாக இருப்பவன் மாற நினைத்தால் அவனோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச ஆள் கிடைப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கதையை. பெரியகுளம் சாலையில் 1985-லிருந்து இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தேனியில் அறியாதவர் இல்லை. மதுரையில் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அவர் ஒருமுறை அல்ல, இருமுறை பாதை மாறியவர்.

பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. முப்பது வயதில் முடக்குவாதம் வந்தது. ராணுவ மருத்துவர் வேலை போயிற்று. விரல்கள் கோணிக்கொண்டன, பேனா பிடிப்பதே பாடாயிற்று. பிரசவ மருத்துவத்தை விட்டுவிட்டுக் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்கேற்ற கருவிகளை உருவாக்கிக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் பழகினார். அந்தக் கைகள் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தன. அவர் விட்டது ஒரு பிரிவை மட்டும்தான். மருத்துவத்தை விடவில்லை. வேலை கசந்துவிட்டது என்று வருபவரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: கசந்தது தொழிலா, கம்பெனியா, மேலதிகாரியா, அந்த ஊரா? பலருக்கு இது பிரியாமலே கிடக்கிறது.

இரண்டாவது மாற்றம் 1976-ல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது. பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். பணத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார். துணிச்சல் என்று அதைப் புகழ்வதோடு நிறுத்திவிடக் கூடாது. அரசு வேலையில் இருந்தபோதே ஆண்டுக்கணக்கில் கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர் அவர். நோயாளி ஏன் வருவதில்லை, வந்தால் எத்தனை பேரை ஒரே நாளில் பார்க்க முடியும் என்பதெல்லாம் கைவசம் இருந்தது. தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர், நம்ம தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் பிறந்த டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரசு வேலையை விட்டுவிட்டு உடன் வந்தார்கள். வீட்டில் கலந்து பேசாத மாற்றம் பாதியில் நிற்கும் என்று நான் நம்புவது இதனால்தான்.

எல்லோருக்கும் இதே வழி பொருந்தாது. அல்லிநகரத்துப் பாரதிராஜா சுகாதார ஆய்வாளர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், உதவி இயக்குநராகக் காலம் தள்ளி, 1977-ல்தான் '16 வயதினிலே' எடுத்தார். வடுகபட்டி வைரமுத்துவோ மொழிபெயர்ப்பாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதே, 1980-ல் அதே பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்துக்கு முதல் பாட்டை எழுதினார். வீட்டுக் கடனும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருப்பவருக்கு நான் காட்டுவது வைரமுத்துவின் வழியை.

திராட்சை போடலாம் என்று வருபவர்களும் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த ஆசை கூடியிருந்தால் வியப்பில்லை. கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போடவே பெருந்தொகை ஆகும். கவாத்து வெட்டி ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், செவட்டை நோய் வந்தால் மருந்துச் செலவு ஏறும், விலை வியாபாரி கையில். வேலையை விடும் முன், கம்பம் பக்கத்துச் சுருளிப்பட்டியில் யாராவது ஒரு திராட்சை விவசாயியிடம் சொல்லிவைத்து, கவாத்துக்கு ஒருமுறை, மருந்தடிப்புக்கு ஒருமுறை, அறுவடைக்கு ஒருமுறை லீவு போட்டு வந்து கூடவே நிற்க வேண்டும். லாபம் பார்த்தவர் தோட்டத்தோடு திரும்பிவிடாமல், திராட்சையை அழித்துவிட்டு வாழை போட்டவரிடமும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கணக்குக் கேட்க வேண்டும்.