புயல் போன பிறகும் போகாத பயம்!

'ஒக்கி' என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? வங்காள மொழியில் 'கண்' என்று பொருள். வங்கதேசம் வைத்த பெயர் இது. 2017-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் இந்தப் பெயரோடு வந்த புயல், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கண்களை அழ வைத்து விட்டுப் போனது.

நவம்பர் 29-ந் தேதி இலங்கைக்குப் பக்கத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக மாறி விட்டது! மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வாழைத் தோட்டங்கள் தரையோடு படுத்து விட்டன. ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து கிடந்தன. ரப்பர் கன்று நட்டு, பால் வெட்டுவதற்குச் சுமார் 7 வருடம் காத்திருக்க வேண்டும். அந்த விவசாயிகளின் மனசு என்ன பாடு பட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கடற்கரையில் நடந்தது அதை விடக் கொடுமை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் நாடு முழுக்கப் பேர் பெற்றவர்கள். சுறாவும் சூரையும் தேடி, கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், வாரக் கணக்கில் தங்குவார்கள். படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே செல்போன் சிக்னல் போய் விடும். புயல் எச்சரிக்கை வந்தபோது பலர் நடுக்கடலில் இருந்தார்கள். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி, டிசம்பர் 7-ந் தேதி ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அப்படியும் பலர் திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இதுவரை படித்தது செய்தி. புயல் மனசுக்குள் என்ன செய்யும் என்று இனிப் பார்ப்போம்.

மூளைக்குள் ஓர் அலாரம்

நம் மூளையில் பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பெயர் அமிக்டலா. ஆபத்து என்றதும் அலாரம் அடிப்பது இதன் வேலை. உடனே இதயம் படபடக்கும், கை வியர்க்கும், ஓடு அல்லது எதிர்த்து நில் என்று உடம்பு தயாராகி விடும். நாய் துரத்தும்போது நீங்கள் ஒலிம்பிக் வீரர் மாதிரி ஓடுவது இதனால்தான்!

பெரிய ஆபத்தில் சிக்கியவர்களுக்கு, ஆபத்து போன பிறகும் இந்த அலாரம் அடங்காமல் போகலாம். சாதாரண மழை பெய்தாலும், கதவு படீரென்று சாத்தினாலும் 'வந்து விட்டது!' என்று கத்தும். தூக்கம் வராது. கெட்ட கனவு வரும். சின்னக் குழந்தைகள் அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக் கொள்வார்கள். படுக்கையை நனைப்பார்கள். சிலருக்குக் காரணமே இல்லாமல் வயிறு வலிக்கும். பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாது. இவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது, கால் ஒடிந்தவனைச் சோம்பேறி என்று சொல்வதைப் போன்றது. பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆக இது தானே குறைந்து விடும். குறையாவிட்டால் மருத்துவரின் உதவி தேவை.

இன்னொரு வேதனையும் உண்டு. அப்பா இறந்து விட்டார் என்று தெரிந்தால் அழலாம், கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றலாம். ஆனால், திரும்பி வரவும் இல்லை, இறந்ததை யாரும் பார்க்கவும் இல்லை என்றால்? வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனசு எழுந்து ஓடும். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், 1970-களில் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, இதற்குத் 'தெளிவில்லாத இழப்பு' என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். முடிவு தெரியாத துக்கம் ஆறுவதற்கு ரொம்பக் கஷ்டப்படும் என்பது அவர் கண்டது. சட்டப்படி 7 ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவரை இறந்தவராகக் கருதுவார்கள். ஒக்கிக்குப் பிறகு அரசு அவ்வளவு காலம் காத்திருக்காமல், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தது. காகிதத்தில் முடிந்து விட்டது. மனசில் அவ்வளவு சுலபமாக முடியுமா?

கடல் சூடானால்...

'புயல் எப்போதும் வருவதுதானே, இதற்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. புயலுக்குச் சாப்பாடு, சூடான கடல் நீர். சுமார் 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்! பெட்ரோல், டீசல், நிலக்கரியை எரித்து நாம் பூமியில் சேர்த்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது. அரபிக் கடலில் 2001 முதல் 2019 வரை, அதற்கு முந்தைய சுமார் 20 ஆண்டுகளை விடப் புயல்கள் 52 சதவீதம் கூடியிருப்பதாக, புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். ஒக்கி என்ற ஒரு புயலைக் காட்டி 'இது பருவநிலை மாற்றத்தால்தான் வந்தது' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், பயப்பட வேண்டிய நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன என்று சொல்லலாம்.

புயல் மட்டுமில்லை. மேற்குக் கடற்கரை ஊர்களில் கடலரிப்பும் இருக்கிறது. உயரும் கடல் மட்டம், மணல் அள்ளுவது, கடலுக்குள் கட்டும் சுவர்கள் என்று இதற்குப் பல காரணங்கள். நேற்று கால்பந்து ஆடிய மணல் இன்று தண்ணீருக்குள்! ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட், சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு, மாறிப்போன அந்த ஊரை நினைத்து ஏங்குவதற்கு 'சோலாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால், வள்ளவிளையிலோ நீரோடியிலோ உள்ள ஒரு பாட்டிக்கு விளக்கமே தேவைப்படாது!

சரி, இதற்கு மருந்து? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்ததே, அது பூகம்பத்தால் வந்தது. பருவநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால், மனக் காயத்துக்கு என்ன செய்யலாம் என்று அது கற்றுக் கொடுத்தது. பெங்களூரு 'நிம்ஹான்ஸ்' மனநல நிறுவனம், தமிழகக் கடலோரத்தில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தது. பேச வருபவரைப் பேச விடுவது, அழுதால் தடுக்காமல் பக்கத்தில் இருப்பது, குழந்தைகளைப் படம் வரையவும் விளையாடவும் வைப்பது, பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் திறப்பது... இவையெல்லாம் மனசுக்கான முதலுதவிகள். படபடப்பு வரும்போது மூச்சை இழுத்து, மெதுவாக வெளியே விட்டால் அந்த அலாரம் கொஞ்சம் அடங்கும்.

கருவியும் மருந்தாகும், தெரியுமா? ஒக்கிக்குப் பிறகு, 2019-ல் 'ஜெமினி' என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. சிக்னல் இல்லாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை வந்து சேரும். அப்பாவுக்குச் செய்தி போய் விடும் என்று தெரிந்தால், வீட்டில் இருப்பவர்களுக்கும் இரவில் தூக்கம் வரும் அல்லவா?

உங்கள் வகுப்பில் மழை வந்தாலே வெளிறிப் போகும் நண்பன் இருந்தால், ஆசிரியரிடம் ரகசியமாகச் சொல்லுங்கள். மனசு கனமாக இருப்பவர்கள் யாரானாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 'டெலி மானஸ்' என்ற அரசு சேவை அது. குழந்தைகளுக்கென்றே 1098 இருக்கிறது. இரண்டும் இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.