ஒரு பொத்தான், பல உலாவிகள்: சொடுக்கினால் ஏன் சில வேளை பதிலே இல்லை?

இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியதும் விண்ணப்பப் படிவம் போய்ச் சேர வேண்டும். ஒருவரின் கணினியில் உடனே போய்விடுகிறது. இன்னொருவரின் கணினியில் அதே பொத்தான் அசையாமல் நிற்கிறது. கணினி பழுது என்று அவர் நினைத்துக்கொள்கிறார். பல வேளைகளில் கோளாறு அங்கே இல்லை. பக்கத்தை எழுதியவர் ஒரே ஓர் உலாவியில் மட்டும் சோதித்துப் பார்த்திருப்பார்.

இரு நிறுவனங்கள், இரு வழிகள்

பொத்தானைச் சொடுக்கியதும் உலாவி அதை ஒரு 'நிகழ்வு' என்று கொண்டு, பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி இது.

பொத்தான் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி பக்கத்துக்குள் இருக்கிறது. அப்படியானால் சொடுக்கிய செய்தி முதலில் யாருக்குப் போகும்? 1997இல் வந்த நான்காம் பதிப்புகளில், வெளியிலிருந்து உள்ளே போகும் என்றது நெட்ஸ்கேப். பொத்தானில் தொடங்கி வெளியே பரவும் என்றது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர். 2000 நவம்பரில் டபிள்யூ3சி அமைப்பு இரண்டையும் இணைத்துத் தரம் வகுத்தது: செய்தி முதலில் உள்ளே இறங்கும், பின்னர் வெளியே ஏறும்.

ஆனாலும் எக்ஸ்புளோரர் நெடுங்காலம் தன் வழியிலேயே சென்றது. நிகழ்வுக்குக் காத்திருக்கும் கட்டளை தரத்தில் 'அட் ஈவென்ட் லிசனர்'. அங்கே 'அட்டாச் ஈவென்ட்'. சுட்டியின் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் தரத்தின்படி எண் 0, அங்கே 1. தரத்தில் 1 என்பது நடுப்பொத்தான். ஓர் உலாவிக்கு எழுதியது மற்றொன்றில் தவறாகப் போனதில் வியப்பில்லை.

பெயரைக் கேட்பதா, திறனைக் கேட்பதா?

சிலர் உலாவியின் பெயரைப் பார்த்து நிரல் எழுதினார்கள். பெயரை நம்ப முடியாது. எக்ஸ்புளோரரே தளங்களிடம் தன்னை 'மொசில்லா' என்று சொல்லிக்கொண்டது. "இந்தக் கட்டளை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டு, தெரிந்தால் பயன்படுத்துவதே சரியான முறை. 2006இல் வெளிவந்த ஜேகுவெரி நிரல் தொகுப்பு இந்த வேறுபாடுகளைத் தானே பார்த்துக்கொண்டதால் பலரின் சுமை குறைந்தது. 2011இல் எக்ஸ்புளோரர் 9 தரத்தை ஏற்றது. 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் அந்த உலாவிக்கே ஓய்வு கொடுத்தது.

சிக்கல் தீர்ந்துவிட்டதா?

முழுதாக இல்லை. 2007இல் ஐபோன் வந்தபின் சுட்டியின் இடத்தை விரல் பிடித்தது. இரண்டு முறை தட்டுகிறாரா என்று அறிய, கைப்பேசி உலாவிகள் ஏறத்தாழ 300 மில்லி விநாடி காத்திருந்தன. அந்தத் தாமதத்தைத் தவிர்க்கச் சிலர் சொடுக்கை விட்டுவிட்டுத் தொடுகையை மட்டும் கவனிக்கும்படி எழுதினார்கள். சுட்டி வைத்திருந்தவருக்குப் பொத்தான் ஊமையாகிவிட்டது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறொருவருக்கு. கண் தெரியாதவரும் கை நடுக்கம் உள்ளவரும் பெரும்பாலும் விசைப்பலகையையே நம்பியிருக்கிறார்கள். உண்மையான பொத்தானில் 'என்டர்' விசையைத் தட்டினாலும் உலாவி அதைச் சொடுக்காகவே ஏற்கும். பொத்தான்போல் வண்ணம் தீட்டிய வெறும் பெட்டிக்கு அந்தக் குணம் கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. அவருக்கோ ஒன்று திறந்த கதவு, மற்றது சுவர்.

ஆகவே இணையப் பக்கம் எழுதுவோர் பொத்தானைப் பொத்தானாகவே எழுத வேண்டும். தரத்தில் உள்ள கட்டளையையே பயன்படுத்த வேண்டும். வெளியிடும் முன் சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, 'டேப்', 'என்டர்' விசைகளால் மட்டும் படிவத்தை அனுப்பிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான். பயனீட்டாளர்களும், பொத்தான் இயங்காவிட்டால் உலாவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துத் தள நிர்வாகத்துக்கு எழுதலாம். அதைச் சொன்னால்தான் கோளாறு எங்கே என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.